தீப் பற்றாத கிளை: வீழ்ந்த கொம்பினால் மெழுகுவர்த்தித் தாங்கி செய்தல்

பகவன் புத்தரின் திருவுருவின் முன் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்து, மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலம் ஓதுவது நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நடைபெறும் வழக்கமாகும். ஆயினும், தம்மத்தைத் தழுவி நெடுங்காலம் ஆகாத குடும்பங்களில் ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. “பழைய பூசைகளையெல்லாம் விட்டொழித்தோம் என்கிறீர்கள். குத்துவிளக்கு இருந்த இடத்தில் இப்பொழுது மெழுகுவர்த்தி இருக்கின்றது. இவ்விரண்டிற்கும் வேற்றுமை யாது?” என்று வீட்டிலுள்ள இளைஞர் கேட்கின்றனர். இவ்வினா குறும்பினால் எழுவதன்று, ஆராய்ச்சியினால் எழுவது. எதனையும் ஆராய்ந்து ஏற்குமாறு பணித்த ஆசானைப் பின்பற்றும் நாம் இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். கூற இயலாவிடில், விளக்கு மட்டும் மாறிற்று, மனம் மாறவில்லை என்றே பொருள்படும்.

இவ்வினாவுக்கு நூல்வழியாக ஒரு விடை உண்டு. கைத்தொழில் வழியாகவும் ஒரு விடை உண்டு. இப்பாடத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்வோம். மரத்தினின்று தானே வீழ்ந்த கிளையொன்றைக் கொணர்ந்து, மெழுகுவர்த்தித் தாங்கியாக வீட்டிலேயே செய்துகொள்வது எங்ஙனம் என்பதும், அவ்வாறு செய்யுங்கால் நாம் கற்கக்கூடியவை யாவை என்பதும் இதன் பொருளாகும். தில்லி மாநகரில் லக்ஷ்மிபாய் நகர் முதலிய அரசுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ் உபாசக உபாசிகைகளை முன்னிட்டு இது வரையப்படுகின்றது. மரமும் மெழுகும் தீயும் எவ்விடத்தும் ஒரே இயல்பின ஆதலின், ஏனைய ஊரினர்க்கும் இது பயன்படும்.

1. தீயைத் தொழுதவர் தீயை அறிந்த வரலாறு

உருவேலைப் பகுதியில் நெரஞ்சரை ஆற்றங்கரையில் கஸ்ஸபர் என்னும் பெயருடைய சடிலர் மூவர் வாழ்ந்தனர். மூத்தவருக்கு 500 மாணாக்கரும், இளையவர் இருவருக்கு முறையே 300, 200 மாணாக்கரும் இருந்தனர். தீ வேட்டலே அவர்தம் சமயம். பகவனின் நெறியைத் தெளிந்தபின் அவர்கள் தம் சடைமுடியையும் வேள்விக் கருவிகளையும் ஆற்றில் விட்டுத் துறவு பூண்டனர் என விநயபிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. பின்னர்க் கயாசீசத்தில் அவ்வாயிரவர்க்கும் அருளப்பட்டதே ஆதித்தபரியாய சூத்திரம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. தீயை விட்டு வந்தவர்களிடம் தீயைப் பற்றியே பகவன் பேசினார். கண் எரிகின்றது, செவி எரிகின்றது, மனம் எரிகின்றது. ஆசையாலும் வெகுளியாலும் மயக்கத்தாலும் எரிகின்றது என்றார். வெளியே எரிந்த தீயைத் தொழுதுகொண்டிருந்தவர்கள் உள்ளே எரியும் தீயை அன்று முதன்முறை கண்டனர். அவர்களுக்குப் புதியதொரு வேள்வித்தீ வழங்கப்படவில்லை. தீயை நோக்கும் புதியதொரு பார்வை வழங்கப்பட்டது.

ஆகவே நாம் முதற்கண் தெளிய வேண்டுவது இது. மெழுகுவர்த்தி ஏற்றுதல் நமக்குக் கட்டாயமன்று. சடங்குகளால் தூய்மை உண்டாகும் எனக் கருதிப் பற்றிக்கொள்வதைச் சீலப்பத பராமாசம் எனப் பகவன் தளைகளுள் ஒன்றாக எண்ணினார். சுடர் அணைந்தால் தீங்கு வரும் என்றோ, அதிகமாக ஏற்றினால் அதிகப் புண்ணியம் கிட்டும் என்றோ எண்ணி ஏற்றுவோமாயின், இளைஞரின் வினாவுக்கு விடையில்லை. குத்துவிளக்கும் மெழுகுவர்த்தியும் ஒன்றே.

வேறொரு வகையில் ஏற்றலாம். மச்சிம நிகாயத்து நந்தகோவாத சூத்திரத்தில் பிக்கு நந்தகர் பிக்குணிகளுக்கு எரியும் விளக்கொன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். எண்ணெயும் திரியும் சுடரும் நிலையற்றவையாக இருக்க, அவற்றினின்று பரவும் ஒளி மட்டும் நிலையானது என ஒருவன் கூறின் அது பொருந்துமா என வினவுகின்றார். பொருந்தாது என்று அவர்களே விடை கூறுகின்றனர். இங்கே விளக்கு தொழும் பொருளன்று, பாடப் புத்தகம். நம் மெழுகுவர்த்தியும் அத்தகையதாகவே இருத்தல் வேண்டும்.

தமிழகத்தில் நமக்கு முன்னோடியாக விளங்கிய அயோத்திதாச பண்டிதர் (1845–1914) விளக்கை இவ்வாறே அறிவின் பக்கமாக நின்று நோக்கினார். 1898ஆம் ஆண்டு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 முதல் வார இதழ் நடத்திய அவர், கார்த்திகைத் தீபத்தைப் பற்றி எழுதுங்கால், அஃது ஆமணக்கு நெய்யின் பயனைப் பௌத்த முனிவர்கள் கண்டறிந்ததை நினைவூட்டும் நாள் என்று பொருள் உரைத்தார். விளக்கைத் தெய்வமாகக் கொள்ளாமல், மக்கட்குப் பயன்படும் கண்டுபிடிப்பாகக் கண்டது அவர்தம் பார்வை.

2. பற்று என்னும் சொல்

பாலி மொழியில் உபாதானம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுதல் ஒன்று. தீ எரிவதற்கு இடமாகிய விறகு மற்றொன்று. விறகு உள்ளவரை தீ நிற்கும். பிடிப்பு உள்ளவரை துன்பம் நிற்கும். பன்னிரு நிதானங்களுள் ஒன்றாகிய இவ்வுபாதானத்தை மணிமேகலை பற்று என்னும் தமிழ்ச்சொல்லால் குறிக்கின்றது. வேட்கையினின்று பற்று, பற்றினின்று பவம்.

தமிழ்மொழியோ நமக்கு மேலும் ஓர் உதவி புரிந்திருக்கின்றது. கூரையில் தீப் பற்றிற்று என்கிறோம். பிள்ளைமீது பற்று வைத்தான் என்கிறோம். மனம் பிடிப்பதற்கும் நெருப்புப் பிடிப்பதற்கும் ஒரே சொல்லை நம் பாட்டிமார்களும் வழங்கினர். பாலியில் பண்டிதர் விளக்க வேண்டியதனைத் தமிழில் அடுப்படியிலேயே அறிந்துகொள்ளலாம்.

இப்பொழுது வீழ்ந்து கிடக்கும் காய்ந்த கிளையொன்றை நினைத்துக்கொள்வோம். உலகத்தார் அதனை விறகு என்பர். தீயை அதனருகில் கொணர்ந்தால் பற்றிக்கொள்ளும். சிறிது நேரத்தில் சாம்பலாகும். அதே கிளையைத் தக்கவாறு பண்படுத்தி, தீக்கும் அதற்கும் இடையே ஒரு காப்பு வைத்தால், அது தீயைத் தாங்கும், தீயாகாது. ஒளிக்கு இடங்கொடுக்கும், எரியாது. விறகுக்கும் தாங்கிக்கும் மரத்தால் வேற்றுமையில்லை. இடையே உள்ள காப்பினாலேயே வேற்றுமை. இல்லறத்தில் இருக்கும் உபாசகர் ஆசையும் சினமும் சூழ்ந்த உலகினின்று ஓடிவிட இயலாது. அவற்றின் நடுவே இருந்துகொண்டு பற்றாதிருப்பதே அவர்க்குரிய பயிற்சி. மரத்துக்குக் காப்பு உலோகக் கிண்ணம். மனத்துக்குக் காப்பு சதி எனப்படும் நினைவுடைமை.

இக்கருத்தை மனத்திற்கொண்டு செய்முறைக்குச் செல்வோம்.

3. கிளையைத் தேடுதல்

லக்ஷ்மிபாய் நகர் தென்தில்லியில் சரோஜினி நகருக்கும் கித்வாய் நகருக்கும் அண்மையில் உள்ள அரசு ஊழியர் குடியிருப்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கிருப்பதால் தமிழ்க் குடும்பத்தார் இவ்விடத்தை நன்கறிவர். தில்லியில் வேனிற்காலத்தில், சிறப்பாக மே, ஜூன் திங்கள்களில், ஆந்தி எனப்படும் புழுதிப் புயல் வீசும். அது நின்ற மறுநாள் காலையில் வேம்பு, நாவல் முதலிய மரங்களின் கொம்புகள் பாதையோரம் முறிந்து கிடக்கும். அவையே நமக்குரியவை.

நிற்கும் மரத்தில் கைவைத்தல் ஆகாது. இதற்குச் சட்டக் காரணமும் உண்டு, தம்மக் காரணமும் உண்டு. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994, உரிய அதிகாரியின் அனுமதியின்றி மரம் வெட்டுதலைத் தடை செய்கின்றது. 2018ஆம் ஆண்டு தென்தில்லி அரசுக் குடியிருப்புகளைத் திருத்திக் கட்டும் திட்டத்துக்காகப் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி பரவியபொழுது, அண்டையிலுள்ள சரோஜினி நகரில் மக்கள் திரண்டு மரங்களைத் தழுவி நின்றனர். தில்லி உயர்நீதிமன்றமும் வெட்டுதலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய இடத்தில் வாழும் நாம் வழிபாட்டுப் பொருளுக்காக ஒரு பச்சைக் கொம்பை ஒடிப்பது எவ்வாற்றானும் பொருந்தாது.

தம்மக் காரணத்தை விநயபிடகம் கூறுகின்றது. ஆளவி நகரில் பிக்குகள் சிலர் குடில் கட்டுவதற்காக மரம் வெட்டினர். அம்மரத்தில் வாழ்ந்த தேவதை, தன் உறைவிடத்தை அழிக்க வேண்டா என்று வேண்டிற்று. பிக்கு ஒருவர் செவிசாய்க்காமல் வெட்ட, அத்தேவதையின் குழந்தையின் கையில் அடி விழுந்தது. தேவதை சினத்தை அடக்கிக்கொண்டு பகவனிடம் முறையிட்டது. அதன்பின் உயிர்த் தாவரத்தை அழித்தல் பிக்குகட்குப் பாசித்தியக் குற்றம் என விதிக்கப்பட்டது. தேவதை உண்டா இல்லையா என்று வாதிட வேண்டுவதில்லை. நமக்குப் பயன்படும் பொருள் பிறிதோர் உயிருக்கு வீடாக இருக்கலாம் என்பதே பாடம். இவ்விதி இல்லறத்தாரைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அதன் கருணை நமக்கும் உரியது.

தில்லிவாசிகளுக்கு மற்றொரு சான்றும் அருகிலேயே உண்டு. பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண், தோப்ரா என்னும் ஊரிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் கொணரப்பட்டது. அதிலுள்ள ஐந்தாம் சாசனத்தில், காரணமின்றியோ உயிர்களைக் கொல்லும்பொருட்டோ காடுகளைக் கொளுத்தலாகாது என அம்மன்னர் ஆணையிட்டுள்ளார். ஏழாம் சாசனத்தில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரும்பொருட்டுச் சாலைகளில் ஆலமரம் நட்டதைக் கூறுகின்றார். பேருந்தில் சென்று குழந்தைகளுக்கு அத்தூணைக் காட்டிவிட்டு, அதன்பின் கிளை தேடத் தொடங்குவது நல்லதொரு பாடமாக அமையும்.

வீதியில் கிடப்பதை எடுக்குமுன் அங்குத் தோட்டவேலை செய்யும் மாலியிடம் ஒரு சொல் கேட்டுவிடுக. கொடுக்கப்படாததை எடுக்காமை இரண்டாம் சீலம். பெரும்பாலும் அவர் மகிழ்வுடன் தருவார். குவித்த சருகையும் கொம்பையும் திறந்த வெளியில் எரிப்போர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டு ஆணையிட்டது. எரிந்து புகையாகக்கூடிய கொம்பு ஒன்று நம் கையில் பயன்படு பொருளாவதும் ஊருக்குச் செய்யும் சிறு தொண்டே.

4. எம்மரம் ஏற்றது

வேம்பு மிகவும் ஏற்றது. அதன் மரம் உறுதியானது. பூச்சி எளிதில் அண்டாது. இந்தியில் ஜாமுன் எனப்படும் நாவலும் நன்று. கனமாக இருப்பதால் தாங்கி எளிதில் சாயாது. இலவு, முருங்கை போன்ற மெல்லிய மரங்களை விலக்குக. தேவதாரு, பைன் முதலிய பிசின் மரங்கள் விரைவில் தீப்பற்றும், அவையும் வேண்டா. சாலை நடுவே அழகுக்காக வளர்க்கப்படும் அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. அதனைத் தொடவே வேண்டா.

அரசங்கொம்பு கிடைத்தால் சிறப்பன்றோ, அது போதிமரமாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அதனடியில் அமர்ந்த ஒருவர் அடைந்த அறிவினால் அம்மரம் போதிமரம் எனப் பெயர் பெற்றது. மரத்தினால் அவர் அறிவு பெறவில்லை. நம் நன்றிக்கு அது உரியது. ஆனால் அதன் மரம் மென்மையானது, விரைவில் பூச்சி அரிக்கும். வேப்பங்கொம்பு கிடைக்குமிடத்து அரசங்கொம்பைத் தேடி அலைவது, பெயரைப் பற்றிக்கொண்டு பயனை விடுவதாகும்.

தேர்ந்த கொம்பைத் தட்டிப் பார்க்கவும். பொதபொதவென்று ஒலித்தால் உள்ளே மக்கியிருக்கும். சிறு துளைகளும் அவற்றினின்று மாவு போன்ற தூளும் உதிர்ந்தால், உள்ளே வண்டின் புழு வாழ்கின்றது எனக் கொள்க. அதனை வெந்நீரிலிட்டோ மருந்தடித்தோ கொல்ல வேண்டா. எடுத்த இடத்திலேயே மரத்தடியில் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று தேடுக. முதற்சீலம் இங்கே நம் கையில் ஒரு கிளையாக வந்து நிற்கின்றது.

5. உலர்த்துதல்

ஒரு தாங்கிக்கு 9 அல்லது 10 செ.மீ. குறுக்களவும், 15 செ.மீ. நீளமும் உள்ள துண்டு போதும். உயரம் பின்னர் 7 செ.மீ. ஆகக் குறைக்கப்படும். நீளத்தை இப்பொழுதே மிகுதியாக வைப்பது, உலருங்கால் முனைகளில் விரிசல் விழுந்தால் வெட்டி நீக்குவதற்காக.

மரம் உலரும்பொழுது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவினின்று புறம்நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இருமடங்காகும். இதனாலேயே விறகின் முனையில் நட்சத்திரம் போல் வெடிப்புகள் தோன்றுகின்றன. மேலும் முனைகளின் வழியாக ஈரம் மிக விரைவில் வெளியேறும். எரிந்து மீந்த மெழுகை உருக்கி இரு முனைகளிலும் பூசிவிட்டால் இவ்விரைவு தணியும். தில்லியின் ஜூன் வெயிலில் நேராகக் கிடத்தினால் ஒரே வாரத்தில் பிளந்துவிடக் கூடும். காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல், இரு செங்கற்களின்மேல் வைக்கவும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு தாளில் குறித்துவருக. எடை குறைந்துகொண்டே வரும். பல வாரங்கள் தொடர்ந்து எடை மாறாது நின்றால் கொம்பு உலர்ந்தது என்று பொருள். இதற்குச் சில திங்கள்கள் ஆகும். மழைக்காலம் இடையில் வந்தால் இன்னும் நீளும். குழந்தைகளைக் கொண்டு இவ்வேலையைச் செய்விப்பது நன்று. மாறாதது போல் கிடக்கும் கட்டை வாரந்தோறும் மாறுகின்றது என்பதைத் தராசு காட்டும். அநித்தியம் என்னும் சொல்லை மனப்பாடம் செய்தவர்க்கு இஃது அதன் பொருளைக் காட்டும்.

6. செய்முறை

முதலாவது, தளர்ந்த பட்டையை உரித்துவிடுக. காய்ந்த பட்டை மரத்தைவிட எளிதில் தீப்பற்றும். அதனடியில் பூச்சியும் தங்கும். கெட்டியாக ஒட்டிய பட்டையை அழகின்பொருட்டுப் பக்கங்களில் விட்டுவைக்கலாம். மேல்விளிம்பினின்று ஒரு விரல் அகலத்துக்கு அதனையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, ரம்பத்தால் இருமுனைகளையும் நேராக அறுத்து 7 செ.மீ. உயரமுள்ள துண்டு ஆக்குக. தாங்கியின் உயரம் அதன் அடியகலத்துக்கு மேற்படலாகாது. அடிப்பக்கம் தரையில் ஆடாமல் நிற்கும்வரை உப்புத்தாளைப் பலகையின்மேல் விரித்து அதன்மீது தேய்க்கவும்.

மூன்றாவது, காப்புக் கிண்ணம். கடைகளில் டீலைட் என்ற பெயரில் விற்கும் சிறு மெழுகு விளக்கு, ஏறக்குறைய 38 மி.மீ. குறுக்களவுள்ள மெல்லிய உலோகக் கூட்டில் வருகின்றது. அதனை அப்படியே மரத்தின்மேல் வைத்தல் கூடாது. அதனினும் சற்றுப் பெரிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்றில் உலர்ந்த மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, அம்மணலில் மெழுகு விளக்கை அமர்த்துக. மணல் வெப்பத்தைத் தடுக்கும். வழியும் மெழுகையும் உறிஞ்சிக்கொள்ளும்.

நான்காவது, கிண்ணத்தை மரத்தில் நிறுத்துதல். உளியும் சுத்தியும் பழகியவர் மேற்பரப்பில் கிண்ணத்தின் அடியளவுக்கு வட்டம் வரைந்து 1 செ.மீ. ஆழத்துக்குக் குடைந்துகொள்ளலாம். அன்றேல் தச்சரிடம் கொடுத்துத் துளையிட்டுக்கொள்க. கருவி இல்லாதவர் கிண்ணத்தைச் சுற்றி மூன்று சிறு ஆணிகளைப் பாதியளவு அறைந்தால் போதும், கிண்ணம் நகராது. எம்முறையாயினும் கிண்ணத்தின் விளிம்பு மரத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி ஒன்றரை செ.மீ. மரமாவது இருத்தல் வேண்டும்.

மரத்தைக் குடைந்து அதிலேயே மெழுகுவர்த்தியைச் செருகிவிடலாமே எனப் பலர் எண்ணுவர். இதுவே பெரும் பிழை. மெழுகு 50 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி மரத்தினுள் ஊறும். வர்த்தி எரிந்து அடியை அடையும்பொழுது, மெழுகு ஊறிய அம்மரமே திரியாகிவிடும். அதன்பின் எரிவது மெழுகுவர்த்தியன்று, தாங்கியே. பற்று எங்ஙனம் பிறக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஒரே நாளில் அது நேர்வதில்லை. நாடோறும் சிறிது சிறிதாக ஊறியது ஒருநாள் பற்றிக்கொள்கின்றது.

ஐந்தாவது, மெருகு. வார்னிஷ், சாயம் எதுவும் பூச வேண்டா, அவை எரிபொருளே. ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி வைத்தால் தானே வெப்பமேறித் தீப்பற்றுவதும் உண்டு. உப்புத்தாளால் தேய்த்த மரத்தின் இயல்பான நிறமே போதிய அழகு.

மும்மணிகளின் நினைவாக மூன்று சுடர் வேண்டுவோர் 36 செ.மீ. நீளமுள்ள கொம்பைக் கிடைவாக வைத்து, அடியைத் தட்டையாகச் சீவி, 12 செ.மீ. இடைவெளியில் மூன்று கிண்ணங்களை அமைக்கலாம். சுடர்கள் நெருங்கியிருந்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றின் மெழுகை உருக்கிவிடும். முதன்முறை செய்வோர்க்கு ஒற்றைத் தாங்கியே போதும்.

7. ஏற்றுதலும் அணைத்தலும்

வழிபாட்டில் வைக்குமுன் ஒருமுறை வெளித்தாழ்வாரத்தில் காற்றில்லாத வேளையில் ஏற்றிச் சோதிக்க. அரைமணி நேரம் கழித்துக் கிண்ணத்தை ஒட்டிய மரத்தைத் தொட்டுப் பார்க்கவும். விரல் தாங்காத சூடு இருந்தால் மணலை மிகுதியாக்குக, அல்லது கிண்ணத்தை மாற்றுக. முப்பது செ.மீ. நீளப் பலகையின் ஒருபுறத்தை 5 செ.மீ. உயர்த்தி, அதன்மேல் தாங்கியை வைத்தும் பார்க்கவும். ஆடவோ வழுக்கவோ கூடாது.

அரசுக் குடியிருப்பின் அறைகள் சிறியவை. வைசாகப் பூர்ணிமை வரும் வேனிலில் கூலரும் மின்விசிறியும் சுழலும். அவற்றின் காற்றில் சுடர் சாய்ந்து திரைச்சீலையைத் தொடக்கூடும். டிசம்பர் 6ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் 1956இல் தில்லியில் மறைந்த நினைவு நாளோ குளிர்காலத்தில் வருகின்றது. அப்பொழுது கட்டிலிலும் நாற்காலியிலும் ரஜாயும் கம்பளியும் குவிந்திருக்கும். ஆகவே சுடரைச் சுற்றி 30 செ.மீ. தொலைவில் துணியும் தாளும் இருத்தலாகாது. அதன்மேலே தட்டு, பரண் எதுவும் இருத்தலாகாது. தாங்கியின்கீழ் ஓர் எவர்சில்வர் தட்டை வைக்கவும். திரியை அரை செ.மீ. அளவுக்குக் கத்தரித்தபின் ஏற்றினால் புகை குறையும். குளிர்காலத்தில் தில்லிக் காற்று மிகவும் மாசுற்றிருக்கும் நாள்களில், குழந்தைகளும் மூச்சு நோயுற்றோரும் உள்ள வீட்டில் ஏற்றாமலே இருந்துவிடுக. ஒரு மலரும் ஒரு குவளை நீரும் போதும். ஏற்றாமையால் வந்தனை குறைவுபடாது.

சிறு மெழுகு விளக்கு ஏறக்குறைய மூன்று நான்கு மணி நேரம் எரியும். நம் வந்தனைக்கோ கால்மணி நேரமே வேண்டும். சுடர் எரிய எரிய அறையை விட்டு எவரும் வெளியேறலாகாது. வந்தனை முடிந்ததும் வாயால் ஊதாமல், சிறு மூடியொன்றால் கிண்ணத்தை மூடி அணைக்க. எரியும் மெழுகின்மேல் ஒருபொழுதும் நீர் ஊற்ற வேண்டா. நீர் கொதித்தெழுந்து தீயை நாற்புறமும் தெறிக்கச் செய்யும்.

சுடர் அணைந்தால் அமங்கலம் என்ற அச்சம் நம்முள் பலரிடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது. தேரிகாதையில் பிக்குணி படாசாரையின் வரலாறு இவ்வச்சத்தைப் போக்கவல்லது. கணவனையும் மக்களையும் பெற்றோரையும் இழந்து பித்தேறி அலைந்தவர் அவர். துறவு பூண்டபின் ஓரிரவு தம் அறையில் ஊசியால் விளக்கின் திரியைக் கீழிழுத்து அணைத்த கணத்தில் அவர்தம் மனம் விடுதலை பெற்றது. விளக்கை ஏற்றியபொழுதன்று, அணைத்தபொழுது. நிப்பானம் என்னும் சொல்லும் அணைதலையே குறிக்கின்றது. ஆகவே வீட்டிலுள்ளோர் அனைவரும் அமைதியாக நோக்கியிருக்க, வீட்டில் இளையவர் ஒருவர் மூடியை வைத்து அணைக்கும்படி செய்தல் தக்கது. எரிபொருள் நீங்கின் தீ நீங்கும் என்பதை அச்சிறு செயல் நாடோறும் காட்டும்.

8. முடிவுரை

இளைஞரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். குத்துவிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் பொருளளவில் வேற்றுமையில்லை. ஏற்றுவோர் நோக்கிலேயே வேற்றுமை. வரம் வேண்டி ஏற்றினால் இரண்டும் சடங்கு. அறிய வேண்டி ஏற்றினால் இரண்டும் பாடம். விலை கொடுத்து வாங்கிய பித்தளை விளக்கும் தீதன்று. ஆனால் தானே வீழ்ந்த கிளையைக் கேட்டுப் பெற்று, உயிர் குடியிருந்தால் திரும்ப வைத்து, திங்கள்கணக்கில் பொறுத்திருந்து, காப்பிட்டுச் செய்த தாங்கி, ஏற்றுமுன்னரே நமக்குச் சீலத்தைக் கற்பித்துவிடுகின்றது. ஓய்வு பெற்றோ மாறுதல் பெற்றோ குடியிருப்பை ஒப்படைத்துச் செல்லும் நாளில், அது பெட்டியின் ஒரு மூலையில் அடங்கும். தங்கியிருந்த வீடு நமதன்று. கற்றது மட்டும் நம்முடன் வரும்.

ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்பில் கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்:

(1) சடிலர் ஆயிரவர் ஆற்றில் விட்டவை யாவை? நாம் விட்டவை யாவை? விடாமல் பெயர் மாற்றி வைத்திருப்பவை உளவோ?

(2) உபாதானம் என்னும் சொல்லின் இருபொருளையும், தமிழில் பற்று என்னும் சொல்லையும் ஒப்பிடுக.

(3) புழு அரித்த கிளையை ஏன் திரும்ப வைக்கிறோம்?

(4) மெழுகு ஊறிய மரம் திரியாவது போல், நாடோறும் சிறிது சிறிதாக நம்முள் ஊறுவது எது? அதற்குக் காப்பு யாது?

எல்லா உயிர்களும் அச்சமின்றி, நலமுற்று வாழ்வனவாகுக.